குந்தவைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் உண்டு!

ஒரு சேதியை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் நோயோடு போராடியபடி நாட்டை ஆளும் சுந்தர சோழர் பிரகாஷ்ராஜ். அதற்குப் பதினான்கு வருஷம் முன்னால் அவர் யார் தெரியுமா? பட்டு நெசவாளி! 2008-இல் வந்த பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில், மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப் புடவை நெய்து தந்துவிடவேண்டும் என்று துடித்த வேங்கடம் அவரேதான். சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாங்கித் தந்ததும் அந்த நெசவாளி வேடம்தான்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். வரலாற்றுச் சுந்தர சோழர் இறந்தது காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில். ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்றே கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. காஞ்சியில் பட்டு நெய்தவர், காஞ்சியில் கண்மூடிய சக்கரவர்த்தியாகத் திரைக்குத் திரும்பி வந்திருக்கிறார்! தறிச்சத்தத்திலேயே வளர்ந்த ஓர் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள். டீக்கடையே எழுந்து நிற்கும்.

ஆரணியிலிருந்து சரித்திரப் படம் பார்ப்பதன் சுகமே தனி. திரையில் ஓடுவது ஒரு படம் என்றால், கல்வெட்டிலும் சுவரோவியத்திலும் தறிக்குழியிலும் இன்னொரு படம் ஓடுகிறது. அந்த இரண்டாவது படத்தைப் பார்க்க இந்த ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. கமண்டல நாகநதிக் கரை. அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்கு 2008-இல் புவிசார் குறியீடு வந்தது. சுற்றிலும் பல்லவர், சோழர், இராஷ்டிரகூடர், சம்புவராயர் என்று ஒரு வம்சம் பாக்கியில்லாமல் நடந்துபோன மண். வாருங்கள், திரையை விலக்கிப் பின்னால் எட்டிப் பார்ப்போம்.

ராஜாவின் துணிப்பெட்டி

எனக்கு முதலில் பார்க்க வேண்டியது உடை. பட்டு ஊர்க்காரனுக்கு வேறு எது முதலில் கண்ணில் படும்?

1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஏ.பி. நாகராஜன் இயக்கம், சிவாஜி கணேசன் ராஜராஜன். அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகம்தான் படமானது. நம் ராஜா படங்களின் துணிப்பெட்டியே நாடகக் கொட்டகையிலிருந்து வந்ததுதான். வெல்வெட் அங்கி, ஜிகினா வேலைப்பாடு, கண்ணைப் பறிக்கும் கிரீடம். மங்கலான வெளிச்சத்தில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ராஜா வந்துவிட்டார் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? அந்த மினுமினுப்பு அப்படிப் பிறந்தது. அதைத் தெரிந்துகொண்டு பழைய ராஜா படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு அங்கிக்குப் பின்னாலும் ஒரு நாடகக் கம்பெனி தெரியும்!

அந்த வெல்வெட் ராஜாக்களோடு கூடவே இன்னொரு சோழ நாடு காகிதத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதினார், மணியம் படம் வரைந்தார். சோழ இளவரசி குந்தவையின் கொண்டை, வந்தியத்தேவனின் குதிரை, நந்தினியின் பார்வை எல்லாம் மணியத்தின் தூரிகை வழியாகவே நம் வீடுகளுக்குள் வந்தன. கதைக்கான உரிமையை எம்.ஜி.ஆர். 1958-இல் வாங்கினார். அது கைகூடவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2022 செப்டம்பர் 30-இல் மணிரத்னத்தின் முதல் பாகம், 2023 ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகம். அந்த இரண்டு காலைக் காட்சிகளின் ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தப் படத்தின் துணிப்பெட்டியைத் திறந்தவர் ஏகா லக்கானி. ‘ஓ காதல் கண்மணி’யில் இன்றைய மும்பை இளைஞர்களுக்கு உடை தந்தவர், ஆயிரம் வருஷம் பின்னால் போய் சோழ அரண்மனைக்கு உடை தந்தார். நகைகள் ஹைதராபாத் கிஷன்தாஸ் நிறுவனத்தின் கைவேலை. அரங்கம் தோட்டா தரணி, ஒப்பனை விக்ரம் கெய்க்வாட், ஒளிப்பதிவு ரவி வர்மன். ரவி வர்மனுக்கு இதற்குத் தேசிய விருது கிடைத்தது.

நாடகக் கம்பெனியை விட்டு வெளியே வந்த இவர்கள் எதைப் பார்த்து உடுத்தினார்கள்? சோழர் விட்டுப்போன சாட்சிகளைப் பார்த்து! அந்தச் சாட்சிகளில் செப்புத்திருமேனிகளும் சிற்பங்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்கு நெஞ்சு படபடப்பது மற்ற இரண்டைப் பற்றிப் பேசும்போதுதான்.

ஒன்று, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள் நடை. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்தது. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்தார். யோசித்துப் பாருங்கள், கொஞ்சம் காரை உதிர்ந்த இடத்தில் ராஜராஜன் காலத்து முகம் எட்டிப் பார்க்கிறது! அங்கே ஆடும் பெண்கள் இருக்கிறார்கள், வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரர் இருக்கிறார், போருக்குக் கிளம்பிய திரிபுராந்தகர் இருக்கிறார். எனக்கோ அவர்கள் இடுப்புத் துணியின்மேல்தான் கண். பட்டை பட்டையாகக் கோடு, பூவேலை, மெல்லிசுத் துணியின் மடிப்பு எல்லாம் அங்கே வண்ணத்தோடு இருக்கின்றன.

இரண்டாவது சாட்சி, அதே கோயிலின் கல்வெட்டுகள். இறைவனுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. எடை, முத்தின் எண்ணிக்கை, எந்த முத்து வட்டம், எது அவ்வளவு வட்டமில்லை, எந்த வயிரத்தில் என்ன புள்ளி, எதில் கீறல் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நகைக்கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லக் கல்தச்சர் வெட்டிய பட்டியல்! ஒரு படத்தின் நகைப் பிரிவுக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா?

மேலாடை ஒன்றில்தான் சினிமாவின் கற்பனை துணிந்து வேலை செய்யவேண்டியிருந்தது. சோழர் சிற்பத்துப் பெண்கள் பெரும்பாலும் மார்பில் நகை மட்டுமே அணிந்தவர்கள். திரைக்கு மேலாடை வேண்டும். சிற்பத்தின் அழகு குலையாமல் அதைச் சேர்க்க வேண்டும். குந்தவையும் நந்தினியும் அரண்மனையில் சந்திக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். கொண்டையின் உயரம், காதணியின் கனம், இடுப்பில் துணி இறுகும் இடம் எல்லாம் சிற்பத்தின் கணக்கைப் பேசுகின்றன. இரண்டு செப்புத்திருமேனிகள் பீடத்தைவிட்டு இறங்கி எதிரெதிரே நடந்து வருகின்றன என்று தோன்றிய நொடியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

தறிக்குழியிலிருந்து பார்த்தால்

எங்கள் தெருவில் நெய்கிற அண்ணன் ஒருவரிடம் அந்தச் சந்திப்புக் காட்சியைப் பற்றிக் கேட்டேன்.

“கதைய உட்டுட்டேன்பா, கரையதான் பாத்துனு இருந்தேன்” என்றார். “முந்தி காத்துல பறந்துச்சுன்னா ஜரிகை கம்மி. நேரா உழுந்துச்சுன்னா ஜரிகை கனம். நடக்கும்போது பாரு, தெரியும்.”

இந்த ஒரு பாடம் என் படம் பார்க்கும் பழக்கத்தையே மாற்றிவிட்டது. இப்போதெல்லாம் ராணி நடந்து வந்தால் நான் துணி விழும் விதத்தைப் பார்க்கிறேன்.

நல்ல ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குமேல் தங்க முலாம் ஏற்றியது. அந்தச் சிவப்பு உள்ளே இருப்பதால்தான் தங்கத்துக்கு ஒரு சூடு வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் படமெடுத்தால் அந்தச் சூடு இன்னும் ஏறும். அண்ணன் சொன்ன கனமும் அந்த வெள்ளிதான். ஆரணிப் பட்டு பொதுவாகக் காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, உடலோடு ஒட்டி எளிதாக அசையும். எந்த இளவரசிக்கு எந்தத் துணி என்று இயக்குநர் கேட்டால் பதில் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது!

தறியின் பின்மேடையைப் பார்க்காமல் விடலாமா? விடிகாலையில் தெருவில் நீளமாகப் பாவு போட்டிருப்பார்கள். நடக்கிறவர்கள் ஓரமாக ஒதுங்கித்தான் போக வேண்டும். பாவு தறியேறினால், பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒன்றுகூடத் தப்பக் கூடாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவரோடு துணையாள் ஒருவர் கூடவே உட்கார்ந்து நாடா வாங்கித் தர வேண்டும். இழை இழையாக உடலும் கரையும் கோத்துக்கொள்ளும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இந்தச் சத்தம்தான்.

ராஜராஜன் காலத்து நெசவாளி எங்கள் தெருவுக்கு வந்தால் எதைப் பார்த்து அசந்துபோவார் என்று எனக்கு நானே ஒரு விளையாட்டு வைத்துக்கொள்வதுண்டு. தறிமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்து வாயைப் பிளப்பார். அது 1804-இல் பிரான்சில் பிறந்தது. அதற்கு முன்னால் பூவேலைக்கான இழைகளைக் கையால் கட்டி, ஓர் ஆள் இழுக்க இழுக்க நெய்யும் அடை முறை இருந்தது. சாயக்காரர் வீட்டுப் பக்கம் போனால் இன்னும் திகைப்பார். அவருக்குத் தெரிந்தது அவுரி நீலம், சாயவேரும் அரக்கும் தரும் சிவப்பு, மஞ்சள் கிழங்கின் மஞ்சள். வேதிச்சாயம் வந்தது 1856-க்கு அப்புறம். அடுத்த சரித்திரப் படத்தில் யாராவது பளீரென்ற ஊதாப்பூ நிறத்தில் வந்தால், அந்த நிறத்தின் வயதைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் நெய்கிறவரின் இரண்டு கையும், கை மாறும் நாடாவும் அந்தக் காலத்து நெசவாளிக்கு அந்நியமாகவே இருக்காது!

அந்த நெசவாளி பட்டு நூலைக் கேட்டால் கதை கடல் தாண்டிப் போகும். சீனப் பட்டுக்கு அன்றைக்கு உலகெங்கும் மதிப்பு. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சோங் அரசவையைச் சேர்ந்தது. இன்னொரு சேதியும் உண்டு. தஞ்சைக் கல்வெட்டுகளில் அரசர் பட்டப்பெயர்களைத் தாங்கிய ‘தெரிந்த கைக்கோளர்’ படைகள் வருகின்றன. நெசவுக்குப் பேர்போன சமூகத்தின் பெயரில் அரசனின் படைப் பிரிவுகள்! அந்தப் படையினருக்கும் தறிக்கும் எவ்வளவு நெருக்கம் என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். எந்தப் பக்கம் பேசினாலும், பட்டு ஊரில் இருக்கும் சினிமா ரசிகனுக்கு இது தீபாவளி.

இல்லாத அரண்மனை

இப்போது அரங்கப் பிரிவு. தோட்டா தரணிக்கு முன்னால் இருந்த சவாலைப் பாருங்கள்: சோழர் கோயில்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, சோழர் அரண்மனை ஒன்றுகூட நிற்கவில்லை! கோயிலைக் கல்லில் எழுப்பியவர்கள், வீட்டைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய மாளிகைமேட்டைத் தோண்டியபோது செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்தன. சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ஓடு வேய்ந்த கூரை, மரத் தூண், சீனக் கோப்பை! அரண்மனையின் எலும்புக்கூடு அதுதான், மிச்சம் முழுக்கக் கலைஞரின் மனம்.

ஆகவே படக்குழு ஹைதராபாத் ராமோஜி திரைப்பட நகரில் அரங்கம் போட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் கோட்டைகளுக்கும் போனது. இவை சோழருக்குப் பல நூற்றாண்டு பிந்திய வடநாட்டுக் கட்டடங்கள். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். வளைவு தெரிகிறதா, அது ஓர்ச்சா. கல்தூணும் போதிகையும் தெரிகிறதா, அது தரணி. எந்த இடத்தில் கோட்டை முடிகிறது, எந்த இடத்தில் அரங்கம் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே ஒரு முறை தனியாகப் படம் பார்க்கலாம். 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கிய படப்பிடிப்பு, கொரோனாவில் நின்று, மறுபடி எழுந்து, இத்தனை ஊர் சுற்றி ஒரே சோழ நாடாகத் தைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தையல் தெரியாதபடி வெளிச்சம் போட்டவருக்கு விருது கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது!

பஸ் ஏறினால் குந்தவை

தலைப்பில் சொன்ன சேதிக்கு வருகிறேன். ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட பகுதியில் திருமலை என்று ஒரு மலையூர். அங்கே இருக்கும் சமணக் கோயிலின் பெயரைக் கல்வெட்டு எப்படிச் சொல்கிறது தெரியுமா? ஸ்ரீகுந்தவை ஜினாலயம்!

திரையில் த்ரிஷாவாக நாம் பார்த்த குந்தவையின் பெயரைத் தாங்கிய கோயில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். சைவம் தழைத்த சோழ அரண்மனையின் பெண் பெயரில் சமணக் கோயில். தாதாபுரத்திலும் அவர் சிவனுக்கும் திருமாலுக்கும் ஜினருக்கும் கோயில் எழுப்பியிருக்கிறார். நாவலில் நாம் ரசித்த அந்தக் கூர்மையும் பரந்த மனசும் வெறும் கற்பனை இல்லை என்று மலையே சாட்சி சொல்கிறது. மலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதர் பதினாறு அடிக்கும் மேல் உயரமாக நிற்கிறார். குகை அறைகளில் பழைய ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அதே திருமலையில்தான் முதலாம் ராஜேந்திரனின் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி இருக்கிறது. கங்கைவரை போன படையெடுப்பின் ஊர்ப்பெயர்களும் தோற்ற அரசர் பெயர்களும் வரிசையாக வருகின்றன. ஏறத்தாழ 1024-ஆம் ஆண்டின் கல்வெட்டு. அத்தனை போர் முழக்கமும் முடிந்தபின் கல்வெட்டு சொல்ல வந்த விஷயம் என்ன? மல்லியூர் வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தாவிளக்கு வைத்தார். பேரரசனின் வெற்றிப் பட்டியல் முன்னுரை, ஒரு பெண் ஏற்றிய விளக்குதான் கதை! எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதினாலும் கைதட்டல் வாங்கும் முடிச்சு இது.

நாவலின் வந்தியத்தேவனும் எங்கள் பழைய வட ஆர்க்காட்டுக்காரன்தான். வல்லத்து வாணர் குலம். அந்தத் திருவல்லம் பொன்னை ஆற்றுக் கரையில் இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாவலில் பிறந்தவர் என்று பலர் நினைக்கும் வீரன், கல்லில் இருக்கிறார்! படத்தின் முதல் பாகம் இராஷ்டிரகூடரோடு நடக்கும் போரில் தொடங்குகிறதே, அந்தப் பகையின் வேரும் இந்தப் பக்கம்தான். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அந்தத் தக்கோலம் இன்றைய ராணிப்பேட்டை மாவட்டம்.

படைவீரனுக்கு என்ன உடை?

ராஜாவுக்கும் ராணிக்கும் சிற்பம் உண்டு. சாதாரண வீரனுக்கு? அவனுக்கும் எங்கள் மாவட்டத்தில் கல் உண்டு! செங்கம் வட்டாரத்து நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களுக்குப் பல்லவர் காலத்திலிருந்து எடுத்த கற்கள். கையில் வில் அல்லது குறுவாள், முடிந்த கொண்டை, இடுப்பில் இறுக்கிய துணி. மார்க்கவசமும் கிடையாது, முழங்கால் காலணியும் கிடையாது. உடலை முன்னே நீட்டி எதிரியை நோக்கிப் பாயும் அந்த நிலை, சண்டைப் பயிற்சியாளர் கண்ணுக்கு அப்படியே ஒரு ஷாட்.

அதனால்தான் 2023 ஏப்ரலில், ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்த ‘யாத்திசை’ என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தரணி ராசேந்திரன் இயக்கம், பெரும்பாலும் புதுமுகங்கள், சின்ன முதலீடு. பாண்டியன் ரணதீரனை எதிர்க்கும் எயினர் குடியின் கதை. எயினர் பேசும் பழந்தமிழுக்குத் தமிழிலேயே எழுத்து ஓட விட்டார்கள்! பட்டும் பொன்னும் இல்லாத புழுதி வீரர்களைப் பார்த்தபோது செங்கத்துக் கல் எழுந்து ஓடுகிறது என்றே எனக்குப் பட்டது. ஒரே மாதத்தில் அரண்மனையிலிருந்து ஒரு படம், காட்டிலிருந்து ஒரு படம். சரித்திரப் பைத்தியங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் கதையை யார் எடுக்கப் போகிறீர்கள்?

கடைசியாக, இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆரணிக்கு அருகே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் படவேடு இருக்கிறது. இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்காகப் போகிறோம். 14-ஆம் நூற்றாண்டில் அது சம்புவராயர்களின் தலைநகர் படைவீடு. விஜயநகர இளவரசன் குமார கம்பணன் வந்து சம்புவராயரை வென்று, அங்கிருந்து மதுரை சுல்தான்மேல் படையெடுத்தான். அந்தப் படையெடுப்பைக் காவியமாகப் பாடியவர் யார்? அவன் மனைவி கங்காதேவி! ‘மதுரா விஜயம்’ என்ற அந்த வடமொழிக் காவியம், பல நூற்றாண்டு மறைந்து கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஏட்டுச்சுவடியாக வெளிப்பட்டது.

மலைக்கோட்டை, முற்றுகை, தோற்றும் மானம் விடாத அரசன், கணவனின் போரைத் தன் கையால் எழுதும் அரசி. எதிர்ப்பக்கத்தில் நம் ஊர் அரசன் நிற்பதால், யாருக்காகக் கைதட்டுவது என்றே தெரியாமல் இருக்கை நுனியில் உட்கார வைக்கும் கதை! கங்காதேவி எழுத்தாணியைக் கையில் எடுக்கும் முதல் காட்சி இப்போதே எனக்குத் தெரிகிறது.

யாராவது எடுங்கள். அரங்கத்துக்கு மலை தயார், படைவீரர் உடைக்கு நடுகல் தயார். அரசியின் பட்டுக்கு அளவு மட்டும் அனுப்புங்கள், ஆரணியில் இன்றைக்கே பாவு போடச் சொல்லிவிடுகிறேன்!